ரெண்டாவது வண்டி

எனக்கும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரருக்கும் ஆகாது. சங்கரன்கோவிலில் இது பலருக்கும் தெரிந்த விஷயம். ஆகாத இந்த மனிதரோடுதான் மாதம் ஒருமுறை விடியுமுன் கிளம்பி, பைக்கில் மலை மலையாகச் சுற்றிவிட்டு வருகிறேன். ஆகாதவர்களோடு போவதில் ஒரு சௌகரியம் உண்டு. பேச்சு குறைவு, அதனால் நிறுத்தமும் குறைவு.

நாங்கள் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் ஐம்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். நாலு பேரிடமும், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி மாட்டிய பெரிய டூரிங் பைக் இருக்கிறது. முன்னால் போகிறவர் பத்திர ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. வேலையில் இருந்தபோது எந்த வேகத்தில் முத்திரை குத்தினாரோ அதே வேகத்தில் ஓட்டுவார். மூன்றாவதாக வருகிறவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஹெல்மெட்டில் ஒரு கேமரா, ஹேண்டில்பாரில் ஒரு கேமரா. கேமராவுக்கு இடம் வேண்டும் என்று ஒரு பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இன்னொரு கண்ணாடியில் அவருடைய முகம்தான் தெரியும். அப்படித் திருப்பி வைத்திருக்கிறார். கடைசியில் வருகிறவர் எனக்கு ஆகாத ஹார்டுவேர்காரர். டூல்ஸ் பை அவரிடம்தான் இருக்கும். யார் வண்டி நின்றாலும் அவர்தான் நிற்பார், அவர்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமலும் போகமாட்டார்.

நான் ரெண்டாவது வண்டி. தொழில் பாத்திரக்கடை. என் பைக் என்னைவிடப் பெரியது. உட்கார்ந்தால் கால் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது நொண்டி விளையாடுகிறவன் மாதிரி ஒரு காலில் நிற்பேன். அந்தக் கால் வலித்தால் கேட் திறக்கட்டும் என்று சாமியைக் கும்பிடுவேன்.

முதல் பயணத்திலேயே அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ எனக்கு அடுத்தால வா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்த கார் யாருக்கு என்பதில் சண்டை நடக்கிற ஊர் இது. தலைவருக்கு அடுத்த இடம் என்றால் சும்மாவா? கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். சொல்லிச் சொல்லி ஆசை அடங்காமல், கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டும் மிஷினை எடுத்து, என் பைக்கின் அலுமினியப் பெட்டியில் 'ரெண்டாவது வண்டி' என்று வெட்டினேன். கீழே ஒரு கொடி, கொடியில் ரெண்டு பூ. சீர்வரிசைக் குடத்துக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையாக வெட்டியதில்லை.

மற்ற மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ஸ்டூடியோக்காரர், "எழுத்து அம்சமா இருக்கு" என்றார். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வருடக்கணக்காகச் சொல்லவில்லை.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. போட்டவர் அண்ணாச்சி. "ரோட்டுல மெக்கானிக்கைத் தேடுதவன் வண்டி ஓட்டப்படாது. சொந்தக் கையால பாக்கணும்." நல்ல சட்டம்தான். ஆனால் அது ரோட்டோடு நிற்கவில்லை. பயணம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் டூல்ஸ் பையோடு யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தோம். பிளம்பரைக் கூப்பிடுவது கேவலம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவது அதைவிடக் கேவலம் என்று ஆகிவிட்டது.

அண்ணாச்சி வீட்டில் பாத்ரூம் கதவு பிடிக்கிறது என்றார்கள். போய் இழைத்தோம். இப்போது அதைக் கயிறு போட்டுக் கட்டித்தான் குளிக்கிறார்கள். எங்கள் வீட்டில் காலிங் பெல்லை ஹார்டுவேர்காரர் சரி செய்தார். இன்றைக்கும் யாராவது பெல்லை அமுக்கினால் பாத்ரூம் லைட் அணைகிறது. வாசலில் ஆள் வந்திருப்பது பாத்ரூமில் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

"ஒரு பிளம்பர் செய்யுத வேலையை நாலு பேரு சேந்து வந்து கெடுக்கிய" என்பாள் என் மனைவி. "அதுக்கு நாலு டம்ளர் காப்பி வேற."

இந்த வருடம் எங்கள் வீட்டு மாடித் தொட்டியில் குழாய் சேர்கிற இடத்தில் ஒழுகியது. தொட்டி இருப்பது மொட்டை மாடிப் படியறைக்கு மேலே. அங்கே போக ஏணிதான் வழி. அண்ணாச்சியும் ஸ்டூடியோக்காரரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், ஹார்டுவேர்காரர் மட்டும் தன் கடை ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் வாசலில் பெல்லை அமுக்கிவிட்டு, உள்ளே பாத்ரூமில் இருந்து நான் கத்தியதைக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்கு விரோதம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

அவர் மேலே ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். சும்மா நின்றிருக்கலாம்.

"இந்த மாசம் குமுளிக்கு நான் கடைசி வண்டியா வாரேன்வே" என்றேன். "எத்தனை வருசந்தான் ரெண்டாவதாவே போறது. நீரு வேணும்னா ரெண்டாவதா வந்து பாரும். உமக்கும் ஒரு மரியாதை கெடைக்கட்டுமே."

மேலே ஸ்பானர் சத்தம் நின்றது. அவர் தலை விளிம்பில் எட்டிப் பார்த்தது.

"எது மரியாதை?"

"ரெண்டாவது வண்டி. தலைவருக்கு அடுத்தது."

"ஓய், உம்மை எதுக்கு ரெண்டாவதா விட்டிருக்கோம்னு நெசமாவே தெரியாதா?"

அவர் வசதியாக உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஓட்டத் தெரியாதவனை முன்வண்டிக்கு அடுத்தாலதான்வே விடணும். வளைவுல விழுந்தா கண்ணாடியில தெரியணும்லா. அண்ணாச்சி உம்ம வேகத்துக்குத்தான் போறாரு. நாங்க ரெண்டு பேரும் உம்ம வேகத்துக்குத்தான் பின்னால ஊந்துகிட்டு வாரோம். எந்த ஊரு கூட்டத்துல வேணும்னாலும் கேட்டுப் பாரும். ரெண்டாவது வண்டின்னா அதான் அர்த்தம்."

"சும்மா சொல்லாதிரும்."

"நீரு பொட்டியில வேற பேரு வெட்டி வச்சிருக்கீரு. குத்தாலத்துல மதுரை பைக்கு கூட்டத்துப் பயலுவ அதைப் போட்டோ எடுத்தானுவள்லா. எதுக்குன்னு நெனச்சீரு?"

நான் என்ன நினைத்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பையன்கள் போட்டோ எடுத்தபோது பெட்டி பக்கத்தில் குனிந்து, கட்டைவிரலை உயர்த்தி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ரெண்டு எடுத்துக்கோங்க மக்கா என்றுகூடச் சொன்னேன்.

ஏற்றிவிட்டு ஏணியை எடுப்பது என்பதை நான் பேச்சுவழக்காகத்தான் கேட்டிருக்கிறேன். உண்மையில் எடுத்துப் பார்த்தால் ஏணி கனமாக இருந்தது. அதுவும் அவருடைய ஏணி. அதைக் கீழே இறக்கி, அரிசி மூட்டை வைக்கிற அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். போகும்போது மேலே இருந்து, "வே, ஏணி. வே" என்று கேட்டது. திரும்பவில்லை.

கடையில் ஒரு குத்துவிளக்குக்கு மாப்பிள்ளை பேர் வெட்டச் சொல்லியிருந்தார்கள். ஆத்திரத்தில் மாமனார் பேரை வெட்டிவிட்டேன். வெட்டினால் வெட்டினதுதான், அழிக்க முடியாது. மேலே பூ வெட்டி மறைக்கலாம். அந்த விளக்கில் ஒரு தோட்டமே வைக்க வேண்டியதாயிற்று. முடிக்கும்போது மனைவி போனில் வந்தாள்.

"வீட்டுக்கு வாங்க. மாடிப்படியில அருவி விழுது."

ஏணி வராது என்று தெரிந்ததும் அந்த மனிதர் தொட்டிக் குழாயை முழுசாகக் கழற்றி விட்டிருக்கிறார். ஒரு தொட்டித் தண்ணீரும் மொட்டை மாடி வழியாகப் படி இறங்கி, ஹாலுக்குள் வந்து, டிவி ஸ்டாண்டைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. பிறகு மேலே இருந்து குதித்து இடது கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். நான் போனபோது என் நாற்காலியில் உட்கார்ந்து, என் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்திருந்தார். என் மனைவி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் டம்ளரில் காப்பி.

"ஒங்களுக்கு என்ன வயசாவுது?" என்று மனைவி என்னைத்தான் கேட்டாள்.

"ஏணி எங்கவே?" என்றார் அவர்.

"எந்த ஏணி?"

பஞ்சாயத்து அண்ணாச்சி வீட்டில் நடந்தது. அண்ணாச்சி கயிறு கட்டிய பாத்ரூம் கதவுக்குள் இருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். கியர் போடுகிற கால் இவருக்கு வீங்கியிருக்கிறது. அதனால் இவர்தான் இந்தத் தடவை மெதுவாக ஓட்டுகிறவர். அதனால் இவர் ரெண்டாவது. ஸ்டூடியோக்காரருக்கு எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி வீடியோ வேண்டும், கடைசியில் போகமாட்டார்.

"அப்பொ கடைசி வண்டி நீதான் தம்பி" என்றார் என்னிடம். "வேற ஆளு இல்ல."

"அது போதும் அண்ணாச்சி."

"கேட்டுக்கோ. கடைசி வண்டிக்காக ஒருத்தன் திரும்பி வரப்படாது. போய்ட்டு வாரவரைக்கும் ஒனக்காக யாரும் திரும்பலைன்னா, இனிமே அந்த எடம் ஒனக்குத்தான். திரும்பினா, சாவுற வரைக்கும் நீ ரெண்டாவது."

ஹார்டுவேர்காரர் டூல்ஸ் பையை என் மடியில் வைத்தார். வைத்தார் என்று எழுதுகிறேன். போட்டார்.

கிளம்பிய அன்று தெருவில் வழக்கமான வழியனுப்புதல். நாலு இன்ஜின் சத்தத்தில் விழித்த எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எங்கள் நாலு பேரின் குடும்பத்தையும் விசாரித்துவிட்டு மூடினார். மனைவி கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏணிச் சாவியைக் குடுத்துட்டாவது போங்க" என்றாள். கொடுக்கவில்லை.

வாசுதேவநல்லூர் போய், அங்கே டீ குடித்துவிட்டு, ராஜபாளையம் ரோட்டைப் பிடிப்பதாகத் திட்டம். முதலில் அண்ணாச்சி, பிறகு வீங்கின காலோடு என் விரோதி, பிறகு கேமராக்கள், கடைசியில் நான். புதுக் கையுறை வாங்கிப் போட்டிருந்தேன். கடைசி இடத்தின் சுகம் ஊர் எல்லை தாண்டியதும் தெரிந்தது. மூன்று வண்டிப் புகையும் மூன்று வண்டிப் புழுதியும் எனக்கே. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அந்த ஆள் எனக்கு முன்னால், ஓட்டத் தெரியாதவனுடைய இடத்தில், காலை உதறி உதறி கியர் போட்டுக்கொண்டு போகிறார். இதைவிட நல்ல காட்சி குமுளியில் கிடைக்காது.

பின்னால் ஒரு லாரி வந்தது. பெரிய வண்டி முந்த வந்தால், கடைசி வண்டிக்காரன் நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டு முன்னால் போகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். அந்த சுவிட்ச் வலது கைப் பக்கம் இருக்கிறது. பெருமையாகக் கட்டைவிரலால் தட்டினேன். லாரி போயிற்று. கூடவே என் இன்ஜின் சத்தமும் போயிற்று.

உருண்டு போய் ஒரு குளத்தங்கரையில் நின்றேன். மற்ற மூன்று பேரும் வளைவில் மறைந்தார்கள். எனக்கு முன்னால் போன ஸ்டூடியோக்காரர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போயிருப்பார். ஸ்டார்ட்டரை அமுக்கினேன், ஒன்றும் இல்லை. போன் போட்டேன், ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கும். ரெண்டாவது வண்டி நின்றால் நாலு பேருக்கும் தெரியும். கடைசி வண்டி நின்றால் கடவுளுக்குத்தான் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பரவாயில்லை, சொந்தக் கை இருக்கிறது. பெட்ஷீட்டை விரித்து டூல்ஸைப் பரப்பினேன். சீட்டைக் கழற்றினேன். பேட்டரி வயரைக் கழற்றிச் சுரண்டினேன். ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கி, எது எங்கே இருந்தது என்பதை மறந்தேன். வழியில் இருந்ததால் பெட்டிகளையும் கழற்றினேன். குளம் நிறையத் தண்ணீர், பக்கத்து வயலில் நடவு, பின்னால் மலையில் மேகம். ஸ்டூடியோக்காரர் தேடி அலைகிற காட்சி. நான் கிரீஸ் கையோடு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வாசுதேவநல்லூர் பஸ் ஒன்று மெதுவாகிப் பார்த்துவிட்டுப் போயிற்று. டிரைவர் நான் ஏதோ விற்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அப்புறம் ஒரு பைக் சத்தம். எந்த வண்டி என்று சத்தத்திலேயே தெரிந்தது. நடந்தே வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது.

அவருக்குக் கடைசி வண்டிப் பழக்கம் போகவில்லை. ரெண்டாவதாக ஓட்டினாலும் கண்ணாடியில் ஆள் எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். என்னைக் காணவில்லை என்றதும் ஓரம் கட்டி, ஸ்டூடியோக்காரரை முன்னால் போகவிட்டுத் திரும்பியிருக்கிறார். வண்டியை நிறுத்தி, நொண்டிக்கொண்டு வந்து, பெட்ஷீட்டைப் பார்த்தார்.

"யாவாரம் எப்படிப் போவுது?"

நான் ஒரு ஃபியூஸை எடுத்துத் துடைத்தேன்.

"என்ன கம்ப்ளைண்டு?"

"பேட்டரி. இல்லன்னா பெட்ரோல் பம்பு. ரெண்டுல ஒண்ணு."

அவர் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஹேண்டில்பார் பக்கம் கொஞ்சம் நின்றார். பிறகு போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் திரும்ப மாட்டும்."

"கோளாறைக் கண்டுபிடிக்காம எப்படி மாட்டுறது?"

"மாட்டும்வே."

மாட்டினேன். ஃபியூஸ் எது எங்கே என்று தெரியாமல் முழித்தபோது உட்கார்ந்த இடத்தில் இருந்தே, "மேல. அதுக்கும் மேல. அது இல்ல" என்றார். உதவிக்கு வரவில்லை. கால் வலிக்கிறதாம். பெட்டியை மாட்டும்போது, "அந்த எழுத்து ரோட்டைப் பாத்து இருக்கட்டும். நாலு பேரு படிக்கணும்லா" என்றார்.

எல்லாம் முடிந்ததும் எழுந்து வந்தார். என் ஹேண்டில்பாரில் இருந்த சிவப்பு சுவிட்சைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார். டக். அவசரத்துக்கு இன்ஜினை நிறுத்துகிற சுவிட்ச். லாரிக்காக நான் இண்டிகேட்டர் என்று நினைத்துத் தட்டியது அதைத்தான். ஸ்டார்ட்டரை அமுக்கினார். வண்டி நல்ல பிள்ளையாகக் கிளம்பியது.

"எப்பத் தெரிஞ்சுது உமக்கு?" என்று கேட்டேன்.

"வந்து பாத்த ஒடனே."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே."

"அப்பவே ஏணியைக் குடுத்திருக்க வேண்டியதுதானே."

கிளம்பும்போது இன்னொரு தகராறு. "முன்னால போம்" என்றார். "நான் கடைசி வண்டி" என்றேன். "உம்மைப் பின்னால விட்டா சாயந்திரம் வரைக்கும் தேடணும். முன்னால போம்." போனேன். போகும்போது ஹெல்மெட்டைத் திருப்பி, "இப்பொ நீருதாம்வே ரெண்டாவது வண்டி" என்று கத்தினேன்.

"ரெண்டே ரெண்டு வண்டி போனா, பின்னால வாரதுக்குப் பேரு ரெண்டாவது இல்ல" என்று பின்னால் இருந்து பதில் வந்தது. "கடைசி."

வாசுதேவநல்லூர் வரை என் கண்ணாடியில் அவருடைய ஹெட்லைட்டைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. வேண்டுமென்றே டிம் பண்ணாமல் வந்தார்.

டீக்கடையில் அண்ணாச்சி எழுந்து நின்றார். "எங்கவே போனிய ரெண்டு பேரும்? யாரு யாருக்காகத் திரும்பினது?"

என் எதிர்காலம் அந்தக் கேள்வியில் தொங்கியது. ஸ்டூடியோக்காரர் கேமராவை வேறு என் பக்கம் திருப்பினார். என் விரோதி டீயை வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தார்.

"எனக்குக் கால் வலிச்சுது, நின்னுட்டேன்" என்றார். "கடைசி வண்டிக்காரரு தொணைக்கு நின்னாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். உயர்த்தி, சுவிட்ச் தட்டுகிற மாதிரி ஒரு தடவை மடக்கினார். அண்ணாச்சிக்குச் சந்தோஷம். "பாத்தியாவே, ஒத்துமையாயிட்டாங்க" என்றார் ஸ்டூடியோக்காரரிடம்.

அன்றைய பயணம் முடிகிறவரைக்கும் நான்தான் கடைசி வண்டி. அண்ணாச்சி தன் வாக்குப்படி அந்த இடத்தை எனக்கே கொடுத்தார். ஆனால் அடுத்த பயணத்துக்கு வரிசை பேச உட்கார்ந்தபோது, என் விரோதி எதிரில் இருந்து கட்டைவிரலை உயர்த்தினார். நானே எழுந்து, "அண்ணாச்சி, நான் ரெண்டாவதாவே வாரேன்" என்றேன். என் பெருந்தன்மையை எல்லாரும் பாராட்டினார்கள். அதற்கு அடுத்த மாதமும் அப்படியே. இளையரசனேந்தல் பக்கம் சும்மா ஒரு சுற்றுப் போய்விட்டு வரக்கூட அந்த விரல் எழும்பும். நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோம் என்று என் மனைவிகூட நம்புகிறாள்.

ஒழுகிய தொட்டியை அவள் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுச் சரி செய்துவிட்டாள். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. அதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. ஏணி இன்னும் அரிசி அறையில்தான் இருக்கிறது. அவர் கேட்பதில்லை, நான் கொடுப்பதில்லை. பெட்டியில் இருக்கிற எழுத்தைப் பூ வெட்டி மறைத்துவிடலாம் என்று மிஷினை எடுத்துக்கொண்டு போனேன். மறைக்கவில்லை. மறைத்தால் அவர் அதற்கும் ஒரு வார்த்தை சொல்வார்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. அந்தக் கட்டைவிரலுக்கு இருக்கிற பலம், குளத்தங்கரையில் நடந்தது எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரியும் என்பதுதான். அதனால்தான் சிவப்பு சுவிட்சு வரைக்கும் ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். அண்ணாச்சியும் படிப்பார். சாவுற வரைக்கும் ரெண்டாவது என்றால் ரெண்டாவது, ஓட்டிவிட்டுப் போகிறேன். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் விரலைத் தூக்கும்போது, நானும் தூக்குவேன். என் விரலில் ஏணிச் சாவி தொங்கும்.